ஏழாவது துளை

"சீப்பைக் கொடு அக்கா. தலையில தண்ணி தெளிச்சாச்சு, காயறதுக்குள்ள வெட்டணும்."

அக்கா கொடுக்கவில்லை. மூன்று தலையணைக்கு முதுகைக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், தம்பியின் தொழில் சீப்பின் மேல் மெல்லிய காகிதத்தைச் சுற்றி, உதட்டில் வைத்து முனகிக்கொண்டிருந்தாள். காகிதம் அதிர்ந்து அதிர்ந்து பாடியது. எட்டு சுரம் மேலே, எட்டு சுரம் கீழே. மூக்கில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் குழாயும் கூடவே ஆடியது.

தம்பிக்கு வந்ததே கோபம். பதினெட்டு வருஷமாகக் கைக்குப் பழகிய சீப்பு அது, கடையில் ஒருத்தரையும் தொட விட்டதில்லை. ஆனால் கோபப்படுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன் அக்காவின் மவுத் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் முடிதிருத்தும் கடையில் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தவன் அவன்தான். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், "இனிமே இவங்க மூச்சை வீணாக்கக் கூடாது. எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போன அன்று மாலையே செய்த காரியம். அக்கா தேடவும் இல்லை, எங்கே என்று கேட்கவும் இல்லை. அதுதான் அவனைப் போட்டு அரித்தது. இன்று காலை கத்தரிக்கோலை எடுக்கக் கடைக்குப் போனவன், மவுத் ஆர்கனையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

"சீப்பும் நல்லாத்தான் பாடுது" என்று காகிதத்தை உருவிவிட்டுச் சீப்பை நீட்டினாள் அக்கா. "ஆனா இதுல ஏழாவது துளை இல்ல. வழுக்கிட்டுப் போயிடுது. கஷ்டமில்லாத இடத்துல வாசிச்சு என்ன பிரயோசனம்?"

ஏழாவது துளையின் கதை அந்த வீட்டில் சுவருக்கும் தெரியும். மவுத் ஆர்கனில் ஒரே துளை ஊதினால் ஒரு சுரம் தரும், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொன்று. நாலாவது துளையில் தொடங்கினால் ஊது, இழு, ஊது, இழு என்று மேஜர் ஸ்கேல் என்கிற எட்டு சுர வரிசை படியேறுகிற மாதிரி ஏறிவிடும். ஆறாவது துளை வரை இந்த ஒழுங்கு. ஏழாவதில் தலைகீழ். அங்கே முதலில் இழுக்க வேண்டும், பிறகுதான் ஊத வேண்டும். ஏற்கெனவே இழுத்த மூச்சின் மேலேயே இன்னொரு இழுப்பு. நல்ல நெஞ்சுக்காரனே அங்கே தடுமாறுவான். அக்காவுக்கோ உள்ளே இழுப்பதுதான் உயிர் போகிற பாடு. பழக்க தோஷத்தில் அவள் ஏழாவதிலும் முதலில் ஊதிவிடுவாள். கடைசியில் வர வேண்டிய மேல் சுரம் முந்திக்கொண்டு வரும், முந்தி வர வேண்டியது கடைசியில் வந்து தொங்கும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும் கேட்க. எட்டு மாதம் இதையே கேட்டுக் கேட்டு, தம்பி கடையில் தன்னையறியாமல் முணுமுணுப்பதும் அந்தத் தப்பான ஸ்கேலைத்தான்.

முப்பது வருஷம் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டினவள் அக்கா. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிற பெண் எல்லோருக்கும் ஆளுக்கொரு மவுத் ஆர்கன் கொடுத்தாள், நுரையீரலுக்கு நல்லது என்று. தபால்காரர், பெயின்டர், பேக்கரிக்காரர், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் இருமல். வருஷக் கடைசி நிகழ்ச்சியில் ஆளுக்கொரு தெரிந்த பாட்டு வாசிப்பதாகப் பெயர் கொடுத்தபோது, அக்கா மட்டும், "நான் பாட்டு வாசிக்கல. அந்த எட்டு சுரத்தை வச்சு அந்த நேரத்துக்கு எனக்கு என்ன வருதோ, அதை வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

நில அளவை செய்து ஓய்வு பெற்ற பெரியண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார். கோடு நேராக இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இருக்கற ஸ்கேலையே ஒழுங்கா ஏறத் தெரியல, இதுல சொந்தமா வேறயா? நோட்டுல எழுதிக் கொடுத்திருக்காங்கல்ல, அதைப் பார்த்து வாசி. கோட்டு மேல போறவளுக்குக் குழப்பமே இல்ல."

"முப்பது வருஷம் அடுத்தவன் சாக்பீஸ்ல போட்ட கோட்டு மேலதான் அண்ணே கத்தி ஓட்டினேன்" என்றாள் அக்கா. "சாகறதுக்குள்ள ஒரு தடவை கோடு இல்லாம வெட்டிப் பார்க்கறேன்."

நிகழ்ச்சி இன்று பதினொரு மணிக்கு. அவளால் போக முடியாது. போனை ஒலிபெருக்கியில் போட்டால் இங்கிருந்தே வாசிக்கலாம் என்று வகுப்புப் பெண் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் இந்த முடிவெட்டு.

"போன்ல தலை தெரியாது அக்கா" என்றான் தம்பி, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே.

"எனக்குத் தெரியும்ல? பேசாம வெட்டு."

அவன் பின்பக்கத்தை ஒதுக்கிவிட்டு இடது காதுக்கு மேலே வந்தான். சீப்பில் முடியைத் தூக்கி, கத்தரியை வைத்து, நறுக் நறுக்கென்று போய்க்கொண்டிருந்தான். அவளோ சும்மா இல்லை. வாயில் ஒன்றும் இல்லாமலே ஊதி இழுத்துப் படியேறிக்கொண்டிருந்தாள். ஏழாவது படியில் இரண்டாவது மூச்சுக்காகத் திணறியவளின் தலை வெடுக்கென்று சாய்ந்தது. கத்தரி வாய் நிறையக் கடித்துவிட்டது.

காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம்.

அவன் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. கை நிற்கக் கூடாது, முகம் மாறக் கூடாது. ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபக்கம் போய் அதே உயரத்தில், அதே அகலத்தில் இன்னொரு பள்ளம் வெட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாகப் போய் வலது காதுக்கு மேல் வெட்டிவிட்டு வந்தது.

அக்கா மடியில் இருந்த கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இது என்னடா?"

"நீ தலையை ஆட்டிட்ட."

"சரி, அது?"

"அது வேணும்னே வெட்டினது. ஒரு பக்கம் இருந்தா தப்புன்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் இருந்தா ஸ்டைல்."

அக்கா கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமாகச் சிரிக்க அவளுக்கு மூச்சு இல்லை, கண்ணில் தண்ணீர் வழிய ஓசையில்லாமல் சிரித்தாள். அவன் பயந்துபோய் ஆக்ஸிஜன் மெஷினைப் பார்த்தான்.

"பாவி, எட்டு மாசமா இதைத்தான்டா தேடிட்டிருந்தேன்" என்றாள். "தப்பு வந்துடுமோன்னு பயந்தே ஏழாவதுகிட்ட செத்துச் செத்துப் பிழைச்சேன். வந்தா வரட்டும். இன்னொரு தடவை வேணும்னே வாசிச்சுட்டா தீர்ந்தது. குடு."

"எதை?"

"சட்டைப் பையில கனமா தொங்குதே, அதை."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "டாக்டர் சொன்னாருக்கா. நான் உன் நல்லதுக்குத்தான்…"

"தெரியும். எனக்கும் மூச்சைச் சேமிச்சு வைக்க ஆசைதான். சேமிச்சு வச்சு எந்தக் கல்யாணத்துக்குச் செலவு பண்ணப் போறேன்? குடுடா."

கொடுத்தான். வேறு என்ன செய்வான்? அவள் வாசிக்கிற ஒவ்வொரு சுரத்துக்கும் தனக்கு அக்காவில் ஒரு பங்கு குறைகிறது என்றுதான் அவனுக்குப் பட்டது. மனைவி போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே ஆள் இவள்தான்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. தபால்காரர் ஒரு தாலாட்டை இருமலோடு வாசித்து முடித்தார். பெயின்டர் பாதியில் மறந்துபோய் மறுபடி தொடங்கினார். பிறகு வகுப்புப் பெண்ணின் குரல் வந்தது. "அம்மா, உங்க முறை. முடிஞ்ச வரைக்கும் போதும்."

தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அக்கா நாலாவது துளையிலிருந்து மெதுவாகப் படியேறினாள். அவசரமே இல்லை. ஏழாவதுக்கு வந்தாள். ஊதிவிட்டாள். மாற்றிப் போட்ட செருப்பு. சுரம் அந்தரத்தில் தொங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா நிறுத்தவில்லை. அதே தப்பை அதே மாதிரி இன்னொரு தடவை வாசித்தாள். இந்தத் தடவை அது தப்பாக இல்லை, யாரையோ கேள்வி கேட்பது போல இருந்தது. தொங்கின சுரத்திலிருந்து இரண்டு படி இறங்கினாள், ஒரு படி ஏறினாள், கீழே நாலாவது துளை வரை சறுக்கிக்கொண்டு வந்து பதில் சொன்னாள். மறுபடி ஏறி மறுபடி கேட்டாள். வேறு பதில் சொன்னாள். மூச்சு வாங்க நின்ற இடமெல்லாம் யோசிக்க நின்ற இடம் போல ஆகிவிட்டது. தரையில் தம்பியின் கால் தாளம் போட்டது. அவன் போடச் சொல்லவில்லை, அது தானாகப் போட்டது.

இப்படி எவ்வளவு நேரம் போயிற்றோ. கடைசியில் அவள் ஒருமுறை அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் மதில் சுவர் மேலிருந்து குதிப்பதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நாலு, ஐந்து, ஆறு என்று ஏறினாள். ஆறில் இழுத்தாள். இழுத்த மூச்சின் மேலேயே ஏழிலும் இழுத்தாள். கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. பிறகு ஊதினாள். மேல் சுரம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. அறை முழுக்க நின்றது. அவள் மூச்சு தீரும் வரை விடவில்லை.

போனில் அந்தப் பக்கம் கைதட்டினார்கள். தட்டின வேகத்தில் ஒருவருக்கு இருமல் வந்தது, அது அடுத்தவருக்குத் தொற்றியது, கடைசியில் வகுப்பு மொத்தமும் இருமித் தீர்த்தது. நடுவில் பெயின்டர், "எப்படிம்மா, எப்படிம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டாள் அக்கா.

"நாலு நிமிஷத்துக்கு மேல" என்றான் தம்பி. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நல்லா இருந்துச்சுக்கா. நான் ஒரு மடையன்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்று அவள் தலையணையில் சாய்ந்தாள். "டீ போடு. சர்க்கரை கொஞ்சம் தாராளமா போடு, இன்னைக்கு ஒரு நாள்."

அவன் தரையில் கிடந்த முடியைக் கூட்டி எடுத்தான். டீ போட்டு, இரண்டு டம்ளரையும் ஏந்திக்கொண்டு வந்தபோது அக்கா தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். மவுத் ஆர்கன் மடியில் இருந்தது. மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவன் டம்ளர்களை ஜன்னலில் வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, குனிந்து மெஷினை நிறுத்தினான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதான்.

மறுநாள் கூடத்தில் கிடத்தியிருந்தபோது பெரியண்ணன் தலைமாட்டில் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்பியை ஓரமாக அழைத்தார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் குறை சொல்லாமல் அவரால் துக்கப்பட முடியாது.

"கடைசி நாள் அதுவுமா அவ தலையை இப்படிப் பாழாக்கிட்டியேடா. இத்தனை வருஷத் தொழிலா இது? கோடு எங்க நேரா இருக்கு?"

"அது தப்பு இல்லண்ணே" என்றான் தம்பி. "நல்லாப் பாருங்க, ரெண்டு பக்கமும் இருக்கு."

துக்கத்துக்கு வகுப்பு ஆட்களோடு வந்து பக்கத்தில் நின்ற பெயின்டர் காதைத் தீட்டிக்கொண்டார். நடந்தது என்ன என்று கேட்டார். தம்பி சொன்னான், கத்தரி கடித்ததிலிருந்து நாலு நிமிஷம் வரைக்கும் ஒன்றும் விடாமல். துக்க வீடு என்பதை மறந்து தபால்காரர் சிரித்துவிட்டார். பேக்கரிக்காரர் சிரித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியண்ணன் சிரிக்கவில்லை. "நாலு நிமிஷமா?" என்று மட்டும் கேட்டார். "நோட்டு இல்லாமலா?"

"நோட்டு இல்லாமத்தான்."

அவர் மறுபடி தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

நாலாம் நாள் தம்பி கடையைத் திறந்தான். ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆட்கள். பெயின்டர் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"எப்படி வெட்டணும்?"

"உங்க அக்காவுக்கு வெட்டின மாதிரி."

அவன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை. பெஞ்சில் பேக்கரிக்காரர், அவருக்கு அடுத்து வகுப்பின் மற்ற ஆட்கள், ஆக்ஸிஜன் உருளையை மடியில் வைத்த ஒருவர், கடைசியில் தபால்காரர். தபால்காரருக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. "எனக்குப் புருவத்துலயாவது ஏதாச்சும் பண்ணுப்பா" என்றார். "நான் மட்டும் விட்டுப்போகக் கூடாது."

தம்பி ஒவ்வொருவராக வெட்டினான். இடது காதுக்கு மேல் ஒன்று, வலது காதுக்கு மேல் ஒன்று. கத்தரி போகப் போக அவன் வாய் முணுமுணுத்தது. ஸ்கேல் இப்போது ஏழாவதில் தடுமாறாமல் ஏறியது, சில சமயம் வேண்டுமென்றே தடுமாறியது. பெஞ்சு மெல்ல மெல்லக் காலியாயிற்று.

தபால்காரரும் போன பிறகு கடையில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தான். துண்டை உதறிவிட்டுத் திரும்பினால், பெஞ்சின் மூலையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக இருக்கிறாரோ, ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

செய்தித்தாள் ஒழுங்காக நாலாக மடிந்து பெஞ்சில் இறங்கியது. பெரியண்ணன் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். வாழ்நாள் பூராவும் நடு வகிடு எடுத்துச் சீவிய வெள்ளை முடி. தம்பி அதன் மேல் தண்ணீர் தெளித்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றார் பெரியண்ணன்.

தம்பி சீப்பை எடுத்தான்.