ஒன்றரை மணிக் கூட்டம்

ஜெயப்ரியாவால் உட்கார முடியவில்லை. செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் வாசலுக்கும் மேடைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை வைத்த கோர்வைச் சேலை. ஜெயித்ததும் போட்டோ எடுப்பார்கள் என்று காலையில் பீரோவைத் திறந்து, இதையா அதையா என்று நாலு சேலையைக் கலைத்துவிட்டு எடுத்தது. மே மாத வெயிலில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு கசகசத்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள், எடுத்து விடுவாள், மறுபடி செருகுவாள்.

மாவட்டச் செவிலியர் சங்கத்துக்கு அன்று தலைவர் தேர்தல். செயலாளர் ஜெயப்ரியாவும், இப்போதைய தலைவர் சுகாசினியும் போட்டி.

சுகாசினி பதினோரு வருஷமாகத் தலைவர். முன்பொரு காய்ச்சல் பருவத்தில், நூறு படுக்கைக்கு இரண்டு நர்ஸ் என்று திணறியபோது, வெள்ளைப் புடவையோடு போய் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தவர். ஆள் போட்ட பிறகுதான் எழுந்தார். அந்த ஒரு நாளில் மாவட்டமே அவர் பேரைத் தெரிந்துகொண்டது. அப்புறம் பதவி உயர்வு, தனி அறை, மேஜை மணி. "அன்னிக்கு வராந்தாவுல இருந்து எழுந்தவங்க, தலைவர் நாற்காலியில இருந்து எழுந்திருக்கவே இல்ல" என்று ஜெயப்ரியா சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஜெயப்ரியா தென்னேரிக்காரி. வாலாஜாபாத்தில் பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனவள். பதினாலு வருஷம் வார்டு பார்த்திருக்கிறாள். கொரோனா சமயத்தில் முகக்கவசம் கேட்டு அவள் போட்ட சண்டைதான் அவளைச் செயலாளர் ஆக்கியது. அதற்கப்புறம் சுகாதாரத் துறை ஆபீசுக்கு டெபுடேஷன். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

இந்தத் தேர்தலுக்கு அவள் வார்டு வார்டாய்ப் போய்ப் பேசினது ஒரே பேச்சு. "வார்ட மறந்தவங்களுக்கு எதுக்கு தலைவர் பதவி?"

போன வருஷம் அவளே அடம்பிடித்து ஒரு விதியும் கொண்டுவந்திருந்தாள். கண்காணிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவு பண்ணுகிற பழக்கம் ஒழிய வேண்டும். தலைவருக்கு நிற்கிறவர் பெயரை, பதினைந்து வருஷம் வார்டில் வேலை செய்து இன்னும் வார்டிலேயே இருக்கிற ஒருவர் நேரில் எழுந்து முன்மொழிய வேண்டும். போனில் சொன்னால் செல்லாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சுகாசினிக்குப் பகல் வேலை மட்டும் பார்க்கிற கண் வார்டு நர்ஸ் ஒருத்தி எழுந்து சொல்லியாகிவிட்டது. ஜெயப்ரியாவுக்குச் சொல்ல வேண்டியவள் பிரசவ வார்டு எல்லம்மாள்.

எல்லம்மாளைக் காணவில்லை.

"ஜெயப்ரியாம்மா, ஆள் இருக்காங்களா இல்லியா?" மேடையிலிருந்து கேட்டார் திருஞானசம்பந்தம். தேர்தல் நடத்தச் சென்னையிலிருந்து வந்த ரிட்டையர்டு ஆண் நர்ஸ். சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்காதவர்.

"வந்துக்கினே இருக்காங்க சார்."

"நானும் அரை மணியா இதையே கேட்டுக்கினு இருக்கேன். சாப்பாட்டு வண்டி வந்து குண்டான் இறங்குற வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஜெயப்ரியா மண்டபத்தைப் பார்த்தாள். இடது பக்கம் முழுக்க அவள் ஆட்கள், மத்தியான ஷிஃப்ட் பெண்கள். தேர்தலுக்கு நேரம் குறித்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் முடிவதும் மத்தியான ஷிஃப்ட் தொடங்குவதும் ஒன்றரை மணிக்கு. கூட்டத்தை அதே ஒன்றரைக்கு வைத்தால் காலை ஆட்கள் வேலை முடித்து வரலாம். மத்தியான ஆட்கள் ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாய்ப் போகலாம். அதற்கு எல்லோருக்கும் பர்மிஷனும் வாங்கியிருந்தாள். இரண்டு ஷிஃப்டும் ஒரே இடத்தில் உட்காரும், அத்தனையும் தன் ஓட்டு. இந்தக் கணக்கில் அவளுக்குப் பெருமை.

வலது பக்கம் சுகாசினி ஆட்கள். ஷிஃப்ட் இல்லாத பகல் வேலைக்காரர்கள், நிதானமாக வந்து நல்ல இடமாகப் பார்த்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் காலை ஷிஃப்டில் ஒருத்திகூட வரவில்லை. எல்லம்மாள் மட்டுமில்லை, ஒருத்தியுமே.

போனை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் எல்லம்மாள் எடுத்தாள்.

"இன்னாக்கா நீங்க! எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? வார்டுலதான்."

"மணி ரெண்டாவப் போவுதுக்கா. ட்யூட்டி முடிஞ்சு அரை மணி ஆச்சு."

"ட்யூட்டி எப்படிடி முடியும்? ரிலீவர் வரல."

"யாரு ரிலீவர்?"

"திரிஷா."

ஜெயப்ரியா திரும்பினாள். மூன்றாவது வரிசையில் திரிஷா பக்கத்துப் பெண்ணோடு தலையை ஒட்டி வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. வார்டில் ஒருத்தி வந்து, கட்டில் கட்டிலாய் நின்று, இந்த அம்மாவுக்கு இது போட்டாச்சு, அந்தக் குழந்தைக்கு இது பாக்கி என்று ஒப்படைப்பு வாங்கிய பிறகுதான் இருக்கிறவள் நகர முடியும். வருகிறவள் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் இருக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரமும் ட்யூட்டிதான். பதினாலு வருஷம் அவள் செய்த வேலை. மழையில் பஸ் கிடைக்காத ரிலீவருக்காக, பால் கட்டின மார்போடு, வீட்டில் பிள்ளை அழுமே என்று தவித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆபீசில் அப்படியில்லை. மணி அடித்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம். மூன்று வருஷமாக அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ ஏதோ ஏற்பாடு பண்ணிக்கினு இருப்பேன்னு நினைச்சோம். நீதான வார்டு தெரிஞ்சவ."

போனை வைத்ததும் முதலில் திரிஷாவைத்தான் தேடிப் போனாள். "திரிஷா, எழுந்திரு. உடனே வார்டுக்குப் போ. எல்லம்மாக்காவ அனுப்பு."

"மேடம், எனக்கு பர்மிஷன் இருக்குதே. ஓட்டு?"

"ஓட்டு கெடக்குது, போ. ஆட்டோவுக்கு நான் பேசறேன்."

திரிஷா போனாள். ஒரு ஓட்டு போனால் போகட்டும், முன்மொழிய ஆள் வந்தால் சரி. ஜெயப்ரியா வாசலில் நின்று விரல் நகத்தைக் கடித்தாள். காஞ்சிபுரம் பக்கமிருந்து வண்டிகள் ஊர்ந்து வந்தன. பட்டுக் கடைகளுக்கு வந்த சுற்றுலா வேன்களை வழிவிடச் சொல்லி ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் அவள் பல்லில் கூசியது. செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். தண்ணீர் டிரம்மைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

போன் அடித்தது. எல்லம்மாள்.

"திரிஷா வந்துட்டா. ஒப்படைச்சிட்டேன்."

"அப்பாடா. கெளம்பிட்டீங்களாக்கா?"

"இல்ல. ஜெயா, கேளு. பக்கத்துல குழந்தைங்க வார்டுல ஏஞ்சல் நிக்கறா. காலைல இருந்து வாயில பச்சத் தண்ணி படல. அறுவைச் சிகிச்சை வார்டுல ரெண்டு பொண்ணுங்க. எல்லாரோட ரிலீவரும் உன் மண்டபத்துலதான் குந்திக்கினு இருக்குது. நான் மட்டும் பட்டுன்னு கெளம்பி வந்து உன் பேர சொல்லிட்டு நாளைக்கு இவளுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அக்கா, அவங்கள அனுப்பிட்டா எனக்கு ஓட்டே இல்லக்கா."

"அது உன் இஷ்டம். எல்லாரையும் அனுப்பு, நான் வர்றேன். இல்லேன்னா நான் வூட்டுக்குப் போறேன். எனக்கும் கால் வலிக்குது."

கட் ஆகிவிட்டது.

அவள் அங்கேயே நின்றாள். அனுப்பாவிட்டால் முன்மொழிய ஆள் இல்லை. அனுப்பினால் முன்மொழிய ஆள் உண்டு, கை தூக்க ஆள் இல்லை. காலை ஆட்கள் பதிலுக்கு வருவார்களா? ஏழரையிலிருந்து நின்ற கால்கள். வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் பாதிப் பேர். எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. இன்னும் கால் மணி நேரம் பேசாமல் இருந்து எல்லம்மாளிடம் கெஞ்சிப் பார்க்கலாமா என்றும் மனசில் ஓடியது. ஏஞ்சலின் முகம் கண்ணுக்குள் வந்தது. போன வாரம் அவளிடம்தான், "வார்ட மறந்தவங்களுக்கு" என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கியிருந்தாள்.

மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"மத்தியானம் ட்யூட்டி இருக்கறவங்க எல்லாரும் இப்பவே கெளம்புங்க. காலை ஷிஃப்ட் ஆளுங்க ரிலீவ் ஆவாம நிக்கறாங்க. நேரம் குறிச்சது நான். தப்பு என்மேலதான்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"காலையில வாங்க வாங்கன்னாங்க, இப்ப போங்க போங்கன்றாங்க. நல்லா இருக்குதுபா கூத்து!" யாரோ ஒருத்தி.

"சாப்பாடாச்சும் பார்சல் குடுப்பீங்களா மேடம்?" இன்னொருத்தி.

வலது பக்கம் சிரிப்பு கிளம்பியது. சுகாசினி சிரிக்கவில்லை. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார், சிரிப்பு அடங்கியது.

இடது பக்கம் காலி. நாற்காலிகளில் யாரோ விட்டுப்போன ஒரு தண்ணீர் பாட்டில். ஜெயப்ரியா கைகழுவும் இடத்துக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பின்னால் சுகாசினி தெரிந்தார்.

"கடைசியா எப்ப ஒப்படைப்பு குடுத்தே?"

"மூணு வருஷம் ஆச்சு மேடம். குத்திக் காட்டணும்னா மேடையிலயே காட்டுங்க."

"குத்திக் காட்ட வரலமா." சுகாசினி குழாயைத் திறந்து, தேவையில்லாமல் கையைக் கழுவினார். "இந்தக் கூட்டத்துக்கு விட்ட சர்க்குலருல தலைவர்னு கையெழுத்து போட்டது யாரு? நான்தான. நேரத்த படிச்சிட்டுத்தான் போட்டேன். எனக்கும் ஒண்ணும் தோணல."

ஜெயப்ரியா திரும்பிப் பார்த்தாள். அவர் கையை உதறிக்கொண்டே போய்விட்டார்.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். சாப்பாட்டு வேன். திருஞானசம்பந்தம் மேடையை விட்டே இறங்கிவிட்டார். "சாப்பாடு வந்துட்டுது. டைம் முடிஞ்சுது."

வேனின் முன்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் புடவை இறங்கியது. எல்லம்மாள். பின்னால் குண்டான்களுக்கு நடுவிலிருந்து ஏஞ்சலும் இன்னும் இரண்டு பேரும்.

"ஆட்டோ ஒருத்தனும் வரமாட்டேன்றான். இந்தத் தம்பிதான் ஏத்திக்கினு வந்துது" என்றாள் எல்லம்மாள்.

"அம்மா, டைம் முடிஞ்சுதுமா."

"குண்டான் இறங்குற வரைக்கும்னு நீங்க சொன்னதா திரிஷா சொன்னாளே? எங்க இறங்கிச்சு? வேன்லதான சார் இருக்குது." எல்லம்மாள் வேன்காரனைப் பார்த்தாள். "தம்பி, கைய வைக்காத. நான் சொன்னப்புறம் இறக்கு."

சாம்பார் வாசனை வந்தது. திருஞானசம்பந்தம் எச்சில் விழுங்கினார். "சரி சரி, சீக்கிரம் சொல்லுங்க."

எல்லம்மாள் மண்டபத்துக்குள் வந்து நின்றாள். கசங்கிய புடவை, ஓரத்தில் மஞ்சளாய் மருந்துக் கறை. "எல்லம்மாள், பிரசவ வார்டு, இருவத்தி ரெண்டு வருஷம். ஜெயப்ரியா பேர முன்மொழியறேன்." சொல்லிவிட்டுக் காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

கை தூக்கச் சொன்னார்கள். இடது பக்கம் நாலு கை. ஜெயப்ரியாவையும் சேர்த்து ஐந்து. வலது பக்கத்தை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மாலை போட்டார்கள், சுகாசினிக்கு. அவர் மாலையோடு ஜெயப்ரியாவைக் கண்ணால் தேடினார். போட்டோவுக்கு நிற்காமல் அவள் வெளியே வந்துவிட்டாள். எல்லம்மாள் இலையில் கை வைத்தபடியே கேட்டாள். "சாப்பிடலியாடி?"

"பசிக்கலக்கா."

"இப்ப எங்க ஓடறே?"

அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் சேலையை மடித்து வைக்க வேண்டும். ஆபீசுக்குப் போனால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஆட்டோக்காரர் "எங்கமா?" என்றதும் வாயில் ஆஸ்பத்திரி என்றுதான் வந்தது.

பிரசவ வார்டில் திரிஷா ஒரு கையில் ஊசியும் பல்லில் பேனா மூடியுமாக ஓடிக்கொண்டிருந்தாள். வேறு ஆள் இல்லை. மூடியைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "என்னாச்சு மேடம்?"

"தோத்துட்டேன்."

"அய்யோ. என் ஓட்டு ஒண்ணு போச்சே."

"உன் ஓட்டு மட்டும் இல்ல. சரி, எனக்கு ஒப்படைப்பு குடு."

"விளையாடறீங்களா மேடம்? நான் இப்பதான் வாங்கினேன். ஏழரைக்குத்தான் குடுப்பேன்." ஓடப் போனவள் நின்றாள். "சும்மா நிக்கறதுன்னா மூணாவது பெட்ல டிரிப் முடியப் போவுது, பாருங்க. அந்த அக்கா பக்கத்துல செத்த நேரம் இருங்க. பயப்படுது."

ஜெயப்ரியா கொக்கியில் தொங்கிய கவுனை எடுத்துப் பட்டுக்கு மேல் கட்டினாள். பேனாவுக்காகக் கை தானாகப் பாக்கெட்டைத் தேடியது. சேலையில் ஏது பாக்கெட்? மேஜை மேலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் வலி விட்ட நேரத்தில் கண்ணைத் திறந்து, கவுனுக்குக் கீழே மின்னிய ஜரிகையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கல்யாணத்துல இருந்து வரியா?"

"மண்டபத்துல இருந்துதான் வரேன்."

"யாரு கல்யாணம்?"

"அத விடு. எத்தினி நிமிஷத்துக்கு ஒருவாட்டி வலிக்குது?"

"நீ டாக்டரா?"

"நர்சும்மா" என்றாள் ஜெயப்ரியா. அடுத்த வலி வந்தது. அந்தப் பெண் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வளையல் சதையில் அழுந்தியது. கையை எடுக்காமல், சுவர்க் கடிகாரத்தில் நொடி முள்ளைப் பார்த்தபடி நின்றாள்.