வலையில் பட்ட கை

விளையாட்டு, பேச்சு என்று பாடத்துக்கு வெளியே செய்யும் இணைப்பாடவிதானத்துக்குப் பத்துப் புள்ளி. அதற்குக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. உயர்தரப் பெறுபேறும் மட்டுமட்டு என்பதால், அந்தப் பத்தில் பாதியாவது கிடைக்காவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரி எனக்கில்லை.

கல்லூரியில் நடந்த நேர்முகத் தேர்வுக்குக் கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். பக்கத்துக் கதிரையில் திகனயிலிருந்து வந்த பிள்ளை றமீஸா. அவள் மடியிலிருந்த சான்றிதழ் பைல் தலையணைத் தடிப்பு.

"வலைப்பந்து, பேச்சு, குர்ஆன் கிராஅத் எல்லாம் ஈக்கி. ஒங்களுக்கு?"

"எனக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு எரிச்சல்தான். ஐந்து வருடமாக எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கரப்பந்துப் போட்டிக்கெல்லாம் நான்தான் நடுவர். வென்றவனுக்குச் சான்றிதழ், தோற்றவனுக்கும் சான்றிதழ். எனக்கு ஒரு சோடாவும் இரண்டு பக்கத்து ஏச்சும்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர் மங்களேஸ்வரி மேடம். ஓரத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் அம்பிகைபாகன் சேர். விளையாட்டுக்குப் புள்ளி போடுகிறவர் அவர்தான்.

"சான்றிதழ் எங்க பிள்ளை?"

"நடுவருக்கு யாரும் குடுக்கிறதில்ல சேர்."

"நடுவரோ? நீரோ?" அவர் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கீழ கிரவுண்டுல கரப்பந்து வெளையாடுறாங்க சேர். ஒரு விசில் குடுங்க. பார்த்துட்டு மார்க்ஸ் போடுங்க."

மங்களேஸ்வரி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தேத்தண்ணி நேரம்தானே. வாங்கோ, பாப்பம்."

ஆடிக்கொண்டிருந்த ஆசிரிய மாணவர்கள் புதிதாகப் பதினைந்து புள்ளி ஆட்டம் ஒன்றுக்கு இறங்கினார்கள். ஒரு அணியில் ஆள் குறைய, அம்பிகைபாகன் சேர் டையை உருவி எறிந்துவிட்டுத் தானே குதித்தார். நான் வலையோரம் கதிரை மேல் ஏறினேன். விசில் வாய்க்கு வந்ததும் பயமெல்லாம் ஓடிப்போயிற்று. என்ன ஆட்டம்! நேர்முகத்துக்கு வந்த அத்தனை பேரும் விறாந்தையில் நின்று கத்தினார்கள். றமீஸா தன் பைலைத் தட்டித் தாளம் போட்டாள்.

சேரின் அணி பதின்மூன்று, எதிரணி பதினான்கு. பந்து உயர்ந்தது. சேர் எம்பினார், ஓர் அடி! பந்து எதிரணியின் தரையில் விழுந்து தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் விசிலடித்தேன். "நெட் டச்! கை வலையில!"

"படேல்லை!" சேர் கத்தினார்.

"பட்டுச்சு சேர். முழங்கைக்குக் கீழ."

அவர் கதிரையடிக்கே வந்துவிட்டார். "உமக்குப் புள்ளி போடுறது ஆரெண்டு தெரியுமோ?"

நான் கையை எதிரணிப் பக்கம் நீட்டினேன்.

"தெரியும் சேர். பொயின்ட் அந்தப் பக்கம். கேம் முடிஞ்சிருச்சு."

எதிரணி துள்ளிக் குதித்தது. சேர் டையைப் பொறுக்கிக்கொண்டு போனார். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்திருந்தால் குடியா முழுகியிருக்கும் என்று கலஹா போய்ச் சேரும்வரை என்னையே திட்டினேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தெரிவாகியிருந்தேன்! தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

கல்லூரியில் முதல் நாள், பதிவு மேசைக்கு அம்பிகைபாகன் சேரே வந்தார்.

"பத்துக்கு ஒன்பது போட்டனான். ஏன் ஒண்டைக் குறைச்சனான் தெரியுமோ? அண்டைக்கு என்ர கை படேல்லை."

"பட்டுச்சு சேர்" என்றேன்.