பிலடெல்பியா அலமாரியின் நடு இழுப்பறை

1

நகத்துக்கும் உருண்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் நியூபோர்ட். பக்க நகங்கள் பின்னால் சாய்ந்திருந்தால் பாஸ்டன். உருண்டை சற்றே அமுங்கியிருந்தால் பிலடெல்பியா. மாதாவே, இது பிலடெல்பியாவாகவே இருக்கட்டும்.

தரையில் குப்புறப் படுத்து, பறவை நகம் உருண்டையைப் பற்றியதுபோல் செதுக்கிய அலமாரிக் காலைப் பார்த்தபடி ஜோஸ்மி இப்படித்தான் நினைத்தாள்.

[வாக்குமூலம்: செருப்பு அடுக்க ஒரு தட்டு வாங்கத்தான் இந்த வளைகுடா ஊரின் ரூவி கடைவீதிக்குப் போனேன். பழைய மரச்சாமான் கடையில் ஒரு பெண் இப்படிப் படுத்திருந்தாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. செருப்புகள் இன்னும் வாசலில்தான் கிடக்கின்றன.]

2

குளச்சல்காரியான ஜோஸ்மிக்குக் கடையில் பட்டியல் தட்டச்சு செய்யும் வேலை. அமெரிக்கா காலனியாக இருந்த காலத்து அலமாரிகளை எந்த ஊரில் செய்தவை என்று அடையாளம் காண, படங்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஏன்? சிறுவயதில் கடற்கரையில் சிப்பி பொறுக்கியவள் என்பதால் அந்த அலமாரிகளின் சிப்பிச் செதுக்கலைக் கண்டதும் அவள் மனம்…

இல்லை. அவளுக்குச் சிப்பி பிடிக்கவே பிடிக்காது. ஆசைக்கெல்லாம் காரணம் கேட்பது எழுத்தாளர்களின் வியாதி.

இன்று அவளுக்குப் பெரிய நாள். முதலாளி ஸ்ரீனிவாசனின் பேச்சை நம்பாத ஸஹ்ரா என்கிற வாடிக்கையாளர், “இந்த அலமாரி அசல்தான் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறேன்” என்று சொல்லியிருந்தார். ஜோஸ்மியின் சொல்லை ஒருவர் கேட்டு வாங்குவது இதுவே முதல்முறை.

3

கால் பிலடெல்பியாதான். மேல் வளைவும் அதேதான். கடைசியாக, சிப்பி செதுக்கிய நடு இழுப்பறையை உருவிக் கவிழ்த்தாள். அடியில் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி.

“பொன்னுச்சாமி அண்ணே, இது நீங்க போட்டதா?”

கடைத் தச்சர் வெட்கப்பட்டார். “பழசு உளுத்துப் போச்சு தங்கச்சி. அந்த டிராயர் மொத்தமும் புதுசு. சுழி போடாம எப்படி வேலைய தொடங்கறது?”

சிப்பியை இன்னொரு முறை பார்த்தாள். அவளையே ஏமாற்றிய கை. சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்ரீனிவாசன் எட்டிப் பார்த்தார். “அழிச்சிடுய்யா.”

“சுழிய அழிக்கப்படாது சார். வேலை வெளங்காது.”

“சரி விடு.” ஜோஸ்மி பக்கம் திரும்பினார். “அந்தக் காலத் தச்சனுங்க டிராயர் அடியில குறி போடுவாங்கன்னு நீதானேம்மா சொன்ன? அந்தக் குறிதான் இதுன்னு எழுது. ‘முழுதும் அசல்’னு சேர்த்துக்க. ஸஹ்ரா மேடம் வர்ற நேரம், யல்லா, சீக்கிரம்.”

4

முடிவு (அ): எழுதிக் கொடுக்கிறாள். அதன்பிறகு எந்த இழுப்பறையையும் அவள் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. [இரண்டு பக்கம் எழுதினேன். என் கையே கூசியது.]

முடிவு (ஆ): ஸஹ்ராவே சுழியைக் கண்டுபிடித்து, ரசித்து, அலமாரியை வாங்கிப் போகிறார். [இதில் ஜோஸ்மிக்கு வேலையே இல்லை.]

முடிவு (இ): ஸ்ரீனிவாசன் மனம் திருந்தி [அவரை உங்களுக்குத் தெரியாது.]

அலமாரி விற்றதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாசலில் கார் வந்து நின்றது. ஜோஸ்மி இரண்டு வரி எழுதித் தாளை முதலாளி பக்கம் திருப்பினாள்.

கால், மேல் வளைவு: பிலடெல்பியா. நடு இழுப்பறை: ரூவி, பொன்னுச்சாமி.

“‘முழுதும் அசல்’னு மூணாவது வரி எங்கம்மா?”

பேனாவை மூடி வைத்தாள்.

“அத நான் எழுதல்ல சார்.”