மேனேஜரின் வெண்புகை

பதவி உயர்வு வந்த நாளிலிருந்து வீட்டிலும் அவனை மேனேஜர் என்றே கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடாவிட்டால் முகம் சுருங்கிவிடும். அதைக் கொண்டாட அவன் கொடுக்கும் விருந்து அன்று மாலை. வெண்புகை சூழ மேடையேற வேண்டும் என்று ஆசை. அதற்காக ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி நிறைய உலர் பனிக்கட்டி வாங்கி, காரின் பின்சீட்டில் ஏற்றியிருந்தான். டிக்கியில் வைத்தால் பூங்கொத்துகள் நசுங்கிவிடுமாம். பெட்டி போக மிஞ்சிய இடுக்கில் அவனைப் பெற்றவள் நசுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, மூடின வண்டியில கொண்டுபோகக் கூடாதுன்னு பெட்டி மேலயே ஒட்டியிருக்கு. கண்ணாடிய இறக்குங்க," என்றாள் மனைவி.

"வெறும் ஐஸுக்கு இவ்வளவு பயமா? ஒரு சொட்டுத் தண்ணி கசியுதா பாரு. தூசி பட்டா என் கோட்டு என்னாகும்?"

கண்ணாடியை நன்றாக ஏற்றி, உள்காற்றே சுழலும்படி ஏசியை வைத்தான்.

தண்ணீர் கசியாதுதான். இது உருகும் ஜாதியே இல்லை. கட்டியாக இருந்தபடியே நேரே கரியமில வாயுவாக மாறிவிடும். வெந்நீரில் போட்டால்தான் வெண்புகை; மற்றபடி அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. மூடிய இடத்தில் நிறைந்தால் ஆளையே சாய்த்துவிடும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் மேனேஜர்.

நெரிசலில் வண்டி ஊர்ந்தது. "தலை சுத்துதுப்பா. மூச்சு வாங்குது," என்றாள் தாய்.

"ஆரம்பிச்சுட்டியா? எனக்கு ஒரு நல்லது நடந்தா உடனே உனக்கு ஏதாவது வந்துடுமே." சொல்லிக்கொண்டே கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்தான்.

மனைவிக்கும் தலை விண்விண் என்று தெறித்தது. திரும்பிப் பார்த்தாள். மாமியார் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, பெட்டி மேலேயே சரிந்துகொண்டிருந்தாள். நெரிசலில் வண்டி நின்ற நொடியில் மருமகள் குதித்திறங்கிப் பின்கதவைத் திறந்தாள். கிழவியை இரு கைகளாலும் வாரிக்கொண்டு போய் நடைபாதையில் கிடத்தினாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் இருக்கையை விட்டு அசையவில்லை.

"எல்லாரும் பாக்கறாங்க. சீக்கிரம் ஏத்து."

காற்றுப் பட்டதும் கிழவி மெல்லக் கண் திறந்தாள். முதலில் கேட்டது, "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பாத்தியா, நல்லாத்தான் பேசறாங்க. கிளம்பு," என்றான் புள்ளை.

மருமகள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அத்தைய நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க போய்ப் புகையில நில்லுங்க. வழியில செத்துவைக்காம, கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்ல. எச்சரிக்கைய எழுதி ஒட்டறதே, உங்கள மாதிரி எல்லாம் தெரியும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான். பக்கத்துல இருக்கறவங்க மூச்சு முட்டுதுன்னு சொன்னா, முதல்ல கதவைத் திறக்கணும். உங்க பெருமையெல்லாம் அதுக்கப்புறம்."