முதலாளியம்மா வீட்டுச் சோபா

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் போதும், அந்த வீட்டில் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். பெரியவளைக் கட்டிக்கொண்டு போனவர் மேனேஜராம். மேனேஜர்! டிவி ரிமோட்டை மேய்க்கிறதற்குப் பெயர் அதுவென்றால் சரிதான். மூன்று வீடு துடைத்து, குளியலறை தேய்த்துச் சம்பாதித்தது பெரியவள். அதில்தான் அண்ணனுக்குப் பைக், அம்மாவுக்கு வளையல், வீட்டுக்கு மாடி. பேரென்னவோ, "மாப்பிள்ளை தங்கம்" என்று அந்த ரிமோட் மகாராஜாவுக்கு.

இதில் வீடியோ கால் கூத்து வேறு. "நல்ல புடவை கட்டிக்கிட்டு, பளிச்சுனு ஒரு இடத்துல உக்காந்து பேசு. நாலு பேர் பாப்பாங்க" என்பது அம்மாவின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா வெளியே போனதும், வேலை உடுப்பின் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு அந்தம்மாவின் சோபாவில் உட்கார்ந்து சிரிப்பாள் பெரியவள். பேசி முடித்ததும் உட்கார்ந்த பள்ளத்தைத் தட்டி நிமிர்த்திவிட்டு, மறுபடி வாளியைத் தூக்குவாள்.

இந்த ஞாயிறு அம்மாவின் குரலில் தேன் சொட்டியது.

"மாப்பிள்ளையோட சிநேகிதருக்கு நம்ம சின்னவளைப் பேசிட்டோம்டி. இவ என்னடான்னா நர்ஸ் படிப்பை முடிக்கணும்னு அழுறா. நீ எப்படி வாழுறேன்னு அந்த ஹாலைக் கொஞ்சம் சுத்திக் காட்டு. வாயை மூடிக்கிட்டு சரின்னுடுவா."

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிநேகிதரை அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் புருஷன் பக்கத்திலேயே கால் நீட்டி, அவள் வடித்துவைத்த சோற்றைத் தின்கிற ஆசாமி.

போனைத் தூக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனாள். வாளியைக் காட்டினாள், பிரஷ்ஷைக் காட்டினாள். புடவையை விலக்கி ரப்பர் பூட்ஸையும் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கடி சின்னவளே. இது என் முதலாளியம்மா வீடு. நாங்க இருக்கிறது ஒத்தை ரூம். உங்க அத்தான் அங்க படுத்திருக்காரு. உனக்குப் பாத்த மாப்பிள்ளையும் அவர் பக்கத்துலதான் படுத்திருக்காரு."

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ குரலைத் தாழ்த்திக் கடிந்தாள்.

"மெதுவாப் பேசேன்! எங்களுக்குத் தெரியாதா? மாப்பிள்ளை மொத வருஷமே அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. நீ ஒருத்தியே எத்தனை நாளைக்கு இழுத்துப் போட்டுச் செய்வே? பாவமா இருக்குன்னுதானே இவளையும் அனுப்புறோம்!"

பாவமாம்! தெரிந்துகொண்டே ஆறு வருஷம் புடவை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

சின்னவள் அம்மா கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புறேன்க்கா. ஃபீஸை மட்டும் நேரா காலேஜுக்குக் கட்டிடு. இவங்க கையில குடுக்காதே."

"ஏண்டி, அப்ப வீட்டுக்கு யாரு அனுப்புறது?" என்று அண்ணன் பின்னாலிருந்து பதறினான்.

பெரியவள் ஹாலுக்கு வந்து, புடவையை உருவிச் சோபாவில் எறிந்தாள். "அண்ணனை அனுப்பி வைம்மா. குளியலறை தேய்க்க நான் கத்துக்குடுக்கறேன்."