இடப்பக்கப் பட்டன்

என் மனைவி இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, நாங்கள் மூவரும் தியேட்டரில் உட்கார்ந்து ஒரு கரடியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கார்ட்டூன் படம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் மூளை இருக்கக் கூடாது என்பதைப் போடவில்லை. அப்பா கரடி பனிச்சரிவில் விழுந்து காணாமல் போகிறது. குட்டி பாடிக்கொண்டே தேடுகிறது. பசித்தாலும் பாட்டு, காலில் முள் குத்தினாலும் பாட்டு.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவள் துணிக்கடையில் சட்டைகளைப் பிரித்து அளவு சரிசெய்து தைக்கிறவள். குறை கண்டுபிடித்தே காலம் தள்ளிய ஜோடி.

"என்னங்க, அப்பன் கரடியோட கோட்டைப் பாருங்க," என்று என் காதுப்பக்கம் சாய்ந்தாள். "பட்டன் இடப்பக்கம். ஆம்பளைக் கோட்டுக்கு வலப்பக்கம்ல வரணும்? பொம்பளைக் கோட்டை மாட்டிவிட்டிருக்கானுங்க."

"கீழ ஒண்ணுமே போடலையே, அதைக் கேட்க மாட்டியா?"

"அது கரடி இஷ்டம். பட்டன் தச்சவன் தப்பு."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். எங்கள் ஏழு வயது மகள் சில்வண்டுதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பஸ்ஸில் கூட்டம் ஏறுமுன் இடம் பிடிக்க, படம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே எழுந்துவிட்டோம். சில்வண்டு அழுதாள். "முடிவை நான் சொல்றேன்டி. இவனுங்க எடுத்ததைவிட நல்லாவே சொல்றேன்," என்றாள் அவள் அம்மா.

சொல்லவில்லை. கடையில் தையல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து சில்வண்டு கேட்டாள். "அம்மா முடிவே சொல்லலையேப்பா?"

தன் பிள்ளைகளோடு படத்தைப் பார்த்திருந்த என் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். "கூட்டிட்டுப் போயிடாதேடா. செத்துப்போச்சுன்னு நினைச்ச கரடி கடைசியில திரும்பி வந்துடுது. அப்புறம் புள்ளை, அம்மாவும் வருவாங்கன்னு வாசலையே பார்த்துட்டு நிக்கும்."

கரடி விடுவது என்றால் இதுதான். வேறொரு முடிவை நானே சொல்லிவிடலாமென்று இரண்டு நாள் முயன்றேன். எனக்குத் திருத்தத்தான் தெரியும், எழுத வராது. கூட்டிப்போனேன்.

அக்கா சொன்னபடியே வந்தது. மேகம் விலகியது, வயலின் அழுதது, கரடி குகை வாசலில் நின்றது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் கிடந்த உடம்பில் ஒரு ரோமம் கலையவில்லை. தியேட்டரே கைதட்டியது. வெட்கம் கெட்ட ஜனங்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கைதட்டவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, அவள் அம்மாவைப் போலவே என் காதுப்பக்கம் சாய்ந்தாள்.

"நிஜமா செத்திருந்தா வந்திருக்காதுல்லப்பா?"

"வந்திருக்காது."

தலையாட்டினாள். பிறகு உதட்டைச் சுழித்தாள். "இத்தனை நாள் கழிச்சு வருது, இன்னும் அந்தப் பட்டனைச் சரி பண்ணலை பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். இடப்பக்கம்தான் இருந்தது.