மறுபடி வாங்க

எங்கள் கடையில் இரண்டு வார்த்தைகளுக்குத் தடை. "மறுபடி வாங்க." மளிகைக் கடைக்காரர் சொல்லலாம், முடி வெட்டுகிறவர் சொல்லலாம். நாங்கள் சொன்னால் அடிக்க வருவார்கள். நாங்கள் வாடகைக்கு விடுவது நோயாளிக் கட்டில். தலைப்பக்கம் உயர்த்தலாம், கால்பக்கம் உயர்த்தலாம், இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி. அந்தக் கட்டில் கடைக்குத் திரும்பி வந்தால், அதில் படுத்திருந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்று அர்த்தம். இல்லையென்றால் போய்விட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் போய்விட்டவர்கள்தான். என் கணவர் வேனில் போவார், சத்தமில்லாமல் கட்டிலைக் கழற்றுவார், திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "வரேன்" என்றுகூடச் சொல்ல மாட்டார். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடைக்கு அடுத்த தெருவில் ஒரு பெரிய கம்பெனி வந்து உட்கார்ந்தது. அவர்களுக்கு ஆப் உண்டு, சீருடை போட்ட ஆட்கள் உண்டு. எங்கள் ஃபோன் வாயை மூடிக்கொண்டது. நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஒருநாள் அவர், "வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம். தேறலேன்னா மூடிட்டு நான் பழையபடி லாரிக்குப் போறேன்" என்றார்.

முதுகுத் தண்டில் தட்டு விலகி, குனிந்து செருப்பு மாட்டவே முனகுகிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

"போங்க, நல்லா போங்க! திரும்பி வர்றப்ப நம்ம கட்டில்லயே படுக்கலாம். வாடகைகூட வேண்டாம்!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் தம்பிக்கு வேலை போனது. வெளியூரில் பெரிய நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் இருந்தவன். வந்த மறுநாளே கடைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, அதில் புனல் ஒன்று வரைந்தான். மேலே வாய் அகலம், கீழே சின்ன ஓட்டை.

"விளம்பரம் பாக்கறவங்க மேல விழுவாங்க. அதுல கொஞ்ச பேர் விசாரிப்பாங்க. கடைசியில ஆர்டர் சொட்டும். நமக்கு நடுவுல ஒழுகுதுக்கா. விசாரிச்சிட்டுக் காணாம போறவங்கள விடவே கூடாது. துரத்திப் பிடிக்கணும்."

"டேய், இது துணிக்கடையா? நம்மகிட்ட விசாரிச்சிட்டு ஒருத்தர் பேசாம இருந்தா, அந்த வீட்டுல என்னமோ நடந்துபோச்சுன்னு அர்த்தம். நாமளா கூப்பிடக் கூடாது."

"இப்படியே பாத்துப் பாத்துதான் கடை இந்த லட்சணத்துல இருக்கு" என்றான்.

சுருக்கென்றது. ஆனால் என் கணவர் அவன் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். லாரியை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன். விளம்பரம் போட்டான், விசாரணைகள் வந்தன. அதுவரை சரி. யாராவது கூப்பிட்டால் நான் நோயைப் பற்றிக் கேட்க மாட்டேன். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, படுக்கையறைக் கதவு எவ்வளவு அகலம், இவ்வளவுதான் கேட்பேன். கதவை அளக்கப் போகிற நேரத்துக்காவது அந்த மனிதர்கள் அழாமல் இருப்பார்கள். சில கட்டில்கள் வெளியே போயின. பையன் தேறிவிட்டான் என்றுகூட நினைத்தேன்.

நேற்று காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது. வேலைக்குப் போகிற வழியில் திரும்பி இங்கே வந்திருக்கிறாள் போல. வந்தவள் உட்காரவில்லை. கைப்பேசியை என் மேஜைமேல் வைத்தாள்.

"படிங்க."

எங்கள் கடைப் பெயரில் ஒரு செய்தி. *உங்கள் அன்புக்குரியவர் இப்போது எப்படி இருக்கிறார்? மீண்டும் எங்கள் கட்டில் தேவையா? இந்த வாரம் மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி!* கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை. அதற்கும் கீழே கைகூப்பிச் சிரிக்கிற ஒரு பொம்மை.

"என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டில போன மாசம்தான் உங்க ஆள் கழட்டிட்டுப் போனாரு. இப்ப எப்படி இருக்காருன்னு கேக்கறீங்க. எதை அமுக்கணும், நீங்களே சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அன்னிக்கு அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல. தலைய மட்டும் அசைச்சிட்டுப் போனாரு. அந்த மரியாதைக்காகத்தான் நேர்ல வந்து கேக்கறேன். இல்லேன்னா சந்தி சிரிக்க வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே தம்பி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை பேருக்குடா அனுப்பின?"

"பழைய கஸ்டமர் எல்லாருக்கும். ஆட்டோமேட்டிக்கா போயிடும்."

"எல்லாருக்குமா! கட்டில் திரும்பி வந்திருக்குன்னா ஆள் இல்லைன்னு உனக்குத் தெரியாது? உன் மண்டையில களிமண்ணா இருக்கு?"

"அக்கா, கத்தாத. இவ்வளவு பேருக்குப் போனா ஒரு கம்ப்ளெய்ன்ட் வரத்தான் செய்யும். நாலு பேர் ஆம்னு போட்டிருக்காங்க, பாரு. நாலு! ஒரே காலையில!" பலகையில் புனலின் அடியில் பெரிதாக 4 என்று எழுதினான்.

"நிறுத்துடா அதை."

"நிறுத்த மாட்டேன்."

பின்னால் வந்து நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்த நாலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டுமே" என்று மெதுவாகச் சொன்னார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எவனோ ஒருவன் சொல்லியிருந்தால் போகட்டும். வாய் திறக்காமல் திருகாணி பொறுக்குகிற மனிதர் சொல்கிறார்! அந்த நாலு எனக்கும் வேண்டியிருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம். மேஜைமேல் கிடந்த, கட்டில் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்துத் தரையில் விட்டெறிந்தேன். "நீங்களும் உங்க புனலும் நாசமாப் போங்க!" என்றேன்.

அப்போது கடை ஃபோன் அடித்தது. அழைப்புகள் பதிவாக வேண்டும் என்று அதை எப்போதும் ஒலிபெருக்கியில்தான் வைத்திருப்பான் தம்பி. குரலை மாற்றிக்கொண்டு, "வணக்கம், சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றான்.

"டேய், நீயா? அக்கா இல்லையா?" அம்மா.

"என்னம்மா?"

"கடையிலேருந்து எனக்கு ஒண்ணு வந்திருக்குடா. அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டு."

அப்பா கடைசியில் படுத்திருந்தது எங்கள் கட்டில்தான். கடையை விட்டு எந்தக் கட்டில் போனாலும் ஒரு ஃபோன் எண் எழுதியாக வேண்டும் என்று அன்று அம்மாவின் எண்ணை எழுதியது நான். அப்பா கிடந்த காலமெல்லாம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. ராத்திரி வீடியோவில் வருவான். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பான். நான் கேமராவைக் கட்டில் பக்கம் திருப்புவேன்.

அம்மா பேசிக்கொண்டே போனாள். "ரெண்டே ரெண்டு பட்டன்தான் இருந்துச்சு. இல்லைன்னு அமுக்க எனக்குக் கை வரலடா. ஆம்னு அமுக்கிட்டேன். தப்பா? உடனே 'எங்கள் பிரதிநிதி விரைவில் வருவார்'னு வந்திருக்கு. யாருடா வருவாங்க? நான் தனியாத்தானே இருக்கேன், கதவத் திறக்கலாமா?"

தம்பி திரையைப் பார்த்தான். பச்சைப் புள்ளி வைத்த நாலு எண்கள். கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு மனப்பாடமான எண்.

"நான்தாம்மா வருவேன்" என்றான்.

"நீயா?" என்றாள் அம்மா. "அப்ப, அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டது நீயாடா?"

அவன் அந்த எண்ணிலிருந்து விரலை எடுத்தான். அம்மாதான் ஃபோனை வைத்தாள். அவனைத் திட்ட ஒரு மூட்டை வார்த்தை வைத்திருந்தேன். ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. அவன் எதையோ தட்டினான். செய்திகள் நின்றன. பலகையில் இருந்த நாலை உள்ளங்கையால் அழித்தான். வேன் சாவியை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஒரு தலையசைப்போடு படியிறங்கினான். "வரேன்" என்று சொல்லவில்லை.

அவர் குனிந்து, முனகிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மீதி மூணு பேரு?" என்றார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

"லாரிப் பேச்சு எடுத்தீங்க, கைய ஒடிச்சிடுவேன். அந்த ஃபோனை இங்க தள்ளுங்க."

மீதி மூன்று ஆமும் எப்படிப்பட்ட ஆம் என்று எனக்கு இப்போது பயமாக இருந்தது. முதல் எண்ணை அழுத்தினேன். அவர் ஒரு தலையசைப்போடு கட்டிலைக் கழற்றி வந்த வீடு அது. கதவு அகலம் கேட்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று முடிவு பண்ணுவதற்குள் ஒரு கிழவர் எடுத்துவிட்டார்.

"கட்டில் கடையாம்மா? உங்க ஃபோனுக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். "எங்க வீட்டுக்காரி நல்லா இருக்கான்னு போட்டிருக்கேன், பாத்தீங்களா?"